நிழலுக்குக் கூரை

அந்த நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை, சித்திரை மாதம், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, உவர்குடி உப்பளத்தின் நாலாம் பாத்திக்கும் ஐந்தாம் பாத்திக்கும் நடுவில் இருக்கிற வரப்பின்மேல், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மரம்கூடக் கண்ணில் படாத இடத்தில், நன்றாகக் கிளை விரித்த ஒரு பெரிய மரத்தின் நிழலாக வந்து விழுந்தது. மரம் வரவில்லை, நிழல் மட்டும்தான் வந்தது. சுடலைவடிவு அப்போது தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை, கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிழலுக்குள் வைத்தாள், தானும் நகர்ந்து உட்கார்ந்தாள், "வந்துட்டியா? பத்தொம்பது வருசம் ஆச்சு ஒனக்கு வாரதுக்கு" என்றாள், மோர்மிளகாயை எடுத்துக் கடித்தாள்.

உப்பளத்து வெயிலைத் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊர் வெயில் மேலேயிருந்து அடிக்கும். அளத்து வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழே வெள்ளைவெளேரென்று கிடக்கிற உப்பிலிருந்து திரும்பி முகத்திலும் அடிக்கும். விடிகிறதற்கு முன்னால் வந்து உப்பு வாரி, தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தட்டுமேட்டில் குவிக்கிற பொம்பளைகளுக்கு முப்பது வயதில் கண் சிவந்து, நாற்பதில் கலங்கி, ஐம்பதில் எதிரே வருவது மாடா மனுஷனா என்று நின்று பார்க்கவேண்டியதாகிவிடும். காலில் பழைய காலுறையை இரண்டு மடங்காகப் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்பை மாட்டிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் உப்பு உள்ளே போய் வெடிப்பில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். சாப்பிடுகிற நேரத்துக்காவது ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று. கொட்டகை போட்டால் ஒரு பாத்தி இடம் வீணாகும் என்று கங்காணி தவசிமுத்து அண்ணாச்சி சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது, பாத்தியை விட்டுக்கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

வடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் கல்யாணமான நாலாம் வருஷமே உப்பு லாரியின் மேலேயிருந்து விழுந்து போய்ச்சேர்ந்துவிட்டான். ஒரே ஒரு மகள் இருந்தாள், பூங்கனி என்று பேர், ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கால், சாமி வாசலில் ஒரு கால் என்று வடிவு ஓடினாள். அம்மன் கோயிலில் மாவிளக்கு வைத்தாள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீரைப் பாட்டிலில் வாங்கி வந்து பிள்ளையின் உதட்டில் தடவினாள். மூன்று வாசலிலும் சாமிக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நின்றான். பிள்ளை செத்த பிறகு போய் ஏன் என்று கேட்டபோது, ஒரு வாசலில் நாள் சரியில்லை என்றார்கள், ஒரு வாசலில் விசுவாசம் போதவில்லை என்றார்கள், ஒரு வாசலில் தண்ணீரைக் கொண்டுபோகும் வழியில் திரும்பிப் பார்த்திருப்பாய் என்றார்கள். ஆகமொத்தம் பிள்ளையைக் கொன்றது வடிவுதான் என்று மூன்று இடத்திலும் சொல்லிவைத்த மாதிரி ஒரே முடிவாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை, வயிறு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது.

பதினேழாம் நாள் அவள் அளத்துக்குத் திரும்பி வந்தாள், மத்தியானம் சட்டியைத் திறந்தாள், பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மிச்சச் சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிடி எடுத்து வரப்பில் வைத்தாள். "யாரு இருக்கியோ இல்லியோ, இந்தா, வந்து சாப்பிடு. நீயும் தனியாத்தான இருக்க" என்றாள். எந்தச் சாமியை நினைத்தும் சொல்லவில்லை, சும்மா வாயில் வந்தது. மறுநாளும் வைத்தாள், மறுநாளும் சொன்னாள், அப்புறம் அதுவே அரைமணி நேரப் பேச்சாக வளர்ந்துவிட்டது. ரவிக்கை கிழிந்தது, கங்காணி ஏசியது, அரிசியில் வண்டு விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க்குடத்தைத் தள்ளிவிட்டது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு பிடிச் சோற்றுக்கு முன்னால் கொட்டினாள். இடைக்கிடை எதையாவது கேட்கவும் செய்தாள். முட்டுவலி போகட்டும் என்றாள், போகவில்லை. பூங்கனி ஒரு தடவை கனவில் வரட்டும் என்றாள், வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்ட ஒன்றையும் அது செய்யவில்லை, ஆனால் ஏன் செய்யவில்லை என்று காரணமும் சொல்லவில்லை. அந்தக் காரணம் சொல்லாத குணம்தான் வடிவுக்குப் பிடித்திருந்தது.

அந்த அரைமணி நேரம்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நிழல் வந்த மூன்றாம் நாள் பக்கத்துப் பாத்தி எஸ்தர் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வடிவைவிடப் பத்து வயது இளையவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"யக்கா, இது என்ன மரத்து நெழலு?"

"தெரியலட்டி."

"மரம் எங்க?"

"வரல."

"சரி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று எஸ்தர் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், வாய்க்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சட்டியைத் திறந்தாள். அதற்கு மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள், அடுத்த வாரம் பதினோரு பேர். இரண்டு பேர் உட்கார்ந்தபோது இரண்டு பேருக்கு இருந்த நிழல், பதினோரு பேருக்குப் பதினோரு பேர் அளவு கிளையை நீட்டிக்கொடுத்தது. காற்றே இல்லாத நேரத்திலும் இலை நிழல் அசைந்தது. காக்கை இல்லாமல் காக்கையின் நிழல் மட்டும் வந்து கிளை நிழலில் உட்கார்ந்தது; எஸ்தர் அதற்குச் சோறு வைத்தால் நிழல் கொத்தும், சோறு அப்படியே இருக்கும், எடுத்து வாயில் போட்டால் மட்டும் ருசி இருக்காது. சில நாள் இலையின் நிழல் ஒன்று காம்போடு உதிர்ந்து உப்பின்மேல் விழுந்து சாயங்காலம்வரை கிடக்கும், வெயில் இறங்கியதும் கரைந்துபோகும். பொம்பளைகள் அதைப் பார்த்துப் பிரமித்து நிற்கவில்லை, அவர்களுக்கு அரைமணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். காலுறையைக் கழற்றிப் புண்ணை ஆறவிட்டார்கள், பேன் பார்த்தார்கள், மாமியாரைத் திட்டினார்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி தலைவைத்துத் தூங்கினார்கள், அழவேண்டியவள் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து அழுதாள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. இப்படி நாற்பது நாள் போனது. நாற்பதாம் நாள் பார்த்தால் பதினோரு பேருக்கும் கண்ணில் சிவப்பு வடிந்திருந்தது.

நாற்பத்தோராம் நாள் தவசிமுத்து அண்ணாச்சி வந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிஷமாகியும் எழுந்திருக்காத பொம்பளைகளை ஏசத்தான் வந்தார். வாயைத் திறந்துகொண்டே நிழலுக்குள் காலை வைத்தார், வைத்தவர் ஏச்சைப் பாதியில் விட்டார். முப்பது வருஷ வெயில் அவர் பிடரியிலிருந்து இறங்கிப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், அப்புறம் மெதுவாகத் தன் செருப்பைக் கழற்றி நிழலுக்கு வெளியே வைத்தார்.

அந்தச் செருப்பைக் கழற்றியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அவர் பக்தியோடுதான் கழற்றினார், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கணத்தில் அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. ஆனால் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் பதினோரு பொம்பளைகளின் செருப்பு பட்டுவிட்டது.

"ஏ மூதிகளா, சாமி எறங்கியிருக்க எடத்துலயா செருப்புக் காலோட நீட்டிப் படுத்திருக்கிய?"

மறுநாள் வரப்பில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தது. அடுத்த நாள் எலுமிச்சம்பழம் வந்தது, அதற்கடுத்த நாள் சூலம் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் கமிட்டி வந்துவிட்டது. தவசிமுத்து தலைவர், ஊரிலிருந்து ஒன்பது பேர் உறுப்பினர்கள். முதல் கூட்டத்திலேயே அடிதடி ஆகப் பார்த்தது. நிழல் வேப்பமர நிழல் என்று ஒரு கட்சி, அப்படியானால் அம்மன். வில்வமர நிழல் என்று ஒரு கட்சி, அப்படியானால் சிவன். ஆலமரம் என்று ஒருவர் சொன்னார், அவர் பிள்ளையாரை மனசில் வைத்துக்கொண்டு சொன்னார். நிழலைப் போய்ப் பார்த்தால் அதுவோ ஒருநாள் வேம்பு மாதிரி இலையைக் காட்டியது, ஒருநாள் புங்கை மாதிரிக் காட்டியது, ஒருநாள் இந்தப் பக்கத்தில் யாருமே கண்டிராத அகல இலையாக ஆடியது. கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். ஆறுக்கு மூன்று என்று வேப்பமரம் ஜெயித்தது, அன்றையிலிருந்து அது அருள்மிகு நிழலுகந்தம்மன். தோற்ற மூன்று பேருக்கும் திருவிழாவில் முதல் மரியாதை என்று பேசிச் சமாதானம் செய்தார்கள்.

முதலில் கண்டவள் என்று வடிவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்காலியில் பத்துப் பேர், எதிரே அவள் நின்றாள்.

"அம்மா ஒனக்கு என்ன சொன்னா?" என்று கேட்டார் தவசிமுத்து.

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"கனவுல?"

"கனவுல வரல."

"சரி, பேராவது என்னன்னு சொன்னாளா?"

"நான் பேரு கேக்கல. அதுவும் எம்பேரக் கேக்கல."

கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் உச்சுக்கொட்டினார். இதை வைத்துத் தல வரலாறு எழுத முடியாது. தாலி இல்லாத கழுத்தை ஒருவர் கண்ஜாடையில் காட்டினார், வரலாற்றில் அதுவும் இடிக்கும். டவுனிலிருந்து புலவர் ஒருவரைக் கூட்டிவந்து எழுதச் சொன்னார்கள். அவர் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்ததில், முன்னொரு காலத்தில் இந்த இடம் வேப்பவனமாக இருந்தது, கன்னிப்பெண் ஒருத்தி கனவில் அம்பாள் மரகதப் பச்சையில் எழுந்தருளினாள், காராம்பசு பால் சொரிந்தது. உப்புப் பாத்தியில் பசுவுக்கு என்ன வேலை என்று எஸ்தர் மட்டும் சிரித்தாள். பிற்பாடு கோயில் சுவரில் அதை வண்ணப்படமாக வரைந்தபோது, பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, கையில் விளக்கோடு செக்கச்செவேலென்று நின்றவளைப் பார்த்து வடிவு, "இது யாருட்டி?" என்று கேட்டாள். எஸ்தர், "நீதான் யக்கா" என்றாள். வடிவு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா, சோறு உண்டவ மொகம்" என்றாள்.

அப்புறம் நிழலைச் சுற்றிக் கயிறு வந்தது, பலகை வந்தது. நீலப் பெயிண்டில் வெள்ளை எழுத்து. காலணி கூடாது. உணவு உண்ணக் கூடாது. படுக்கக் கூடாது. வீட்டுக்கு விலக்கான பெண்கள் வரப்பு ஏறக் கூடாது. பிற மதத்தார் கயிற்றுக்கு வெளியே நின்று வணங்கலாம். உச்சிகால பூஜை பன்னிரண்டு முதல் ஒன்றுவரை, அந்த நேரத்தில் உபயதாரர்களுக்கு மட்டும் அனுமதி. அளத்துப் பொம்பளைகளுக்குச் சாப்பாட்டு நேரமே பன்னிரண்டரையிலிருந்து ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உப்பில் பத்தடி நடந்தால் காலில் இருக்கிற வெடிப்பெல்லாம் கத்தும். அதனால் பதினோரு பேரும் ஒவ்வொருவராகப் பழையபடி வெயிலுக்குத் திரும்பினார்கள், கண்ணும் பழையபடி சிவந்தது. எஸ்தருக்கு அவள் கோயிலிலும் ஏச்சு விழுந்தது. வேர் எங்கே இருக்கிறதென்று தெரியாத நிழலில் உட்கார்ந்தவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காரவேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். "அங்கேயும் கயிறு, இங்கேயும் கயிறு, நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று எஸ்தர் காறித் துப்பினாள். வடிவு கயிற்றுக்கு வெளியே, தள்ளி நின்று, பலகையில் மறைந்தது போக மிச்சமிருந்த இடைவெளி வழியாக நிழலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து மெதுவாகப் பேச முடியாது, சத்தமாகப் பேசினால் பைத்தியம் என்பார்கள். அவள் பேச்சு அன்றோடு நின்றது.

இவ்வளவுக்கும் நிழல் ஒன்றும் செய்யவில்லை, கோபித்துக்கொண்டு போகவுமில்லை. கமிட்டி உட்கார்ந்தபோது கமிட்டிக்கும் குளுமை கொடுத்தது. அதுதான் வடிவுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒருநாள் கயிற்றோரம் நின்று, "ஒனக்கு ரோசமே கெடையாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே இலை நிழல் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம் கூட்டம் அலைமோதியது. வேன் பிடித்து வந்தார்கள், பஸ் பிடித்து வந்தார்கள், வெயிலில் வரிசையில் நின்ற நாலுபேர் மயங்கி விழுந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில்தான் தவசிமுத்து எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, குரல் தழுதழுக்க அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நாமெல்லாம் ஓட்டு வீட்டுலயும் காங்கிரீட்டு வீட்டுலயும் சொகமாப் படுத்துக் கெடக்கோம். நம்ம அம்மா வெயில்ல நிக்கா. நமக்கு வெக்கமா இல்லையா?"

அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்குக்கூட, அம்மன் என்று அவர்கள் சொல்வது ஒரு நிழலை, நிழல் என்பது வெயில் விழுந்தால்தான் விழும் என்று தோன்றவில்லை. உப்பு விளைவிக்கிற ஊர் அது, வெயிலை வைத்துப் பிழைக்கிற ஊர், பாத்தியில் தண்ணீர் கட்டி எத்தனை நாளில் பூக்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு நிழலுக்குக் கூரை போட முடிவு செய்தார்கள். ஒரு பாத்தி வீணாகும் என்று கொட்டகை மறுத்த அதே தவசிமுத்து கோயிலுக்காகப் பன்னிரண்டு பாத்தியை மண்ணடித்து மூடச் சொன்னார்.

கூரைக்குக் கம்பி கட்டுகிற அன்றைக்கு வடிவு கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். காலுறையைக் கழற்றிவிட்டுத்தான் போனாள், உப்பில் இரத்தத் தடம் விழுந்தது.

"அண்ணாச்சி, ஒங்களக் கும்புடுதேன், மேல மூடாதிய. சுத்திச் சொவரு வேணா எழுப்பிக்கிடுங்க, என்ன உள்ள விடவே வேண்டாம். மேல மட்டும் மூடாதிய. வெயில் இல்லன்னா அது எங்க வந்து விழும்?"

தவசிமுத்துவுக்கு மூக்கு விடைத்தது. "அம்மாவ வெயில்ல நிறுத்தணும்னு சொல்லுதியா? மொதல்ல பாத்தது நாந்தாங்கிற திமிரு ஒனக்கு. போ, போயி உப்பு வாரு."

"திமிரு இல்ல அண்ணாச்சி. அது செத்துரும்."

"சாமி சாகும்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்று கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். கொத்தனார் மட்டும் ஒருதடவை அண்ணாந்து சூரியனைப் பார்த்தார், குனிந்து நிழலைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் கூலி கொடுக்கிறவர்களுக்குத் தெரியாததா என்று கரண்டியை எடுத்துக்கொண்டார்.

தை மாதம் கும்பாபிஷேகம். காங்கிரீட் கூரை எட்டடி உயரத்தில் பன்னிரண்டு பாத்தி அகலத்துக்குப் படுத்திருந்தது. பன்னிரண்டரை மணிக்குத் திரை விலக்கினார்கள், கூட்டம் "தாயே" என்று அலறியது, உள்ளே கூரையின் நிழல் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. கிளை இல்லை, இலை இல்லை, காக்கை இல்லை. புதுச் சிமெண்ட் வாடையும் புழுக்கமுமாக இருந்தது. கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. அப்புறம் டவுனிலிருந்து வந்த பெரிய பூசாரி இரண்டு கையையும் தூக்கி, "அம்பாள் அருவமாயிட்டா! இனி இங்கேயே நிரந்தர வாசம்!" என்றார். அப்பாடா என்று ஊர் மூச்சுவிட்டது, மேளம் கொட்டியது. அடுத்த மாதம் கறுப்புக் கிரானைட்டில் கிளையும் இலையுமாக வெட்டித் தரையில் பதித்தார்கள், ஒரு காக்கையும் பதித்தார்கள். புழுக்கத்துக்கு முதலில் மின்விசிறி வந்தது, பிறகு ஏசி வந்தது. வந்தவர்கள் எல்லாரும், "உள்ள காலு வச்சதுமே என்ன குளுமை பாத்தியா, அம்மா இருக்கா" என்று புல்லரித்துப் போனார்கள். நிழல் இருந்த காலத்தைவிட இல்லாத காலத்தில் கூட்டம் மூன்று மடங்கு.

வடிவு ஒரே ஒரு தடவை வரிசையில் நின்று உள்ளே போனாள். இரண்டு மணி நேரம் நின்றாள். கிரானைட் மரத்துக்கு முன்னால் வந்ததும் குனிந்து, "உள்ள இருக்கியா?" என்று கேட்டாள். "நகருங்கம்மா, நகருங்க" என்றார்கள். அவள் நகரவில்லை, மடியிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்துத் தரையில் வைத்தாள். "இந்தா, சாப்பிடு. எவ்வளவு நாளாச்சு." அவ்வளவுதான், எச்சில் சோறு, எச்சில் சோறு என்று ஒரே கூப்பாடு. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே விட்டார்கள், உள்ளே பரிகாரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். மறுநாள் தவசிமுத்து அவளைக் கடலோரத்துக் கடைசிப் பாத்திக்கு மாற்றிவிட்டார். அங்கேயிருந்து பார்த்தால் கோபுரத்தின் கலசம் மட்டும் ஒரு மினுக்கலாகத் தெரியும், ஒலிபெருக்கிச் சத்தம் காற்று திரும்பும்போது கேட்கும்.

கடைசிப் பாத்தியில் அவள் யாரோடும் பேசவில்லை, சோறும் வைக்கவில்லை. அதன்மேல் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. மூன்று வாசலிலும் அவளை விரட்டினார்கள், இது விரட்டவில்லை என்றுதான் பத்தொன்பது வருஷம் சோறு வைத்தாள். கடைசியில் இதுவும் அவர்களோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதே என்று வயிறு எரிந்தது, பூங்கனி செத்ததற்குக் காரணம் கேட்டுப்போன அன்றைக்கு எரிந்த அதே எரிச்சல். எஸ்தர் எப்போதாவது அவ்வளவு தூரம் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், அப்புறம் எழுந்து போய்விடுவாள்.

மறு சித்திரையில் ஒரு மத்தியானம், மனசு எங்கேயோ இருக்க, வடிவின் கை தானாக ஒரு பிடிச் சோற்றை எடுத்து வரப்பில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் பார்த்தாள். சீ என்று எடுக்கக் குனிந்தாள். சோற்றின்மேல் ஓர் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே ஓர் இலைதான், உள்ளங்கை அகலம் இருக்கும். "வந்துட்டியா" என்று சொல்ல வடிவு வாயெடுத்தாள், அதற்குள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையாலும் அந்த நிழலைத் தொட்டாள், கை ஜில்லென்றது. எவ்வளவு பேசவேண்டியிருந்தது! ஒரு வருஷப் பேச்சு. எங்கிருந்து ஆரம்பிக்க என்று வாயைத் திறந்தவள், எதிர்வரப்பில் ஆள் வருவதைப் பார்த்தாள்.

வந்தது தவசிமுத்து. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். பக்தர்கள் வண்டி நிறுத்த இடம் போதவில்லை, கடலோரப் பாத்திகளை அளந்து பார்க்க நாடாவோடு வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி உப்பின் வெள்ளையில் கலந்திருக்க, அவர்கள் நெற்றிக்குக் கைகொடுத்துப் பார்த்தபடி வந்தார்கள்.

வடிவு எழுந்து நின்றாள். சித்திரை உச்சிவெயிலில் மனுஷ நிழல் நீளாது, காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சோற்றுக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, சேலையை விரித்து, அந்த இலையின்மேல் தன் நிழலைப் போட்டு மூடினாள்.

"போயிரு" என்றாள், உதடு அசையாமல். "ஒன்னயக் கும்புடுதேன், போயிரு. அவங்க பாத்துட்டா ஒனக்கு இங்கேயும் கூர போட்டுருவாங்க. எம்புள்ளல்லா, போயிரு."

தவசிமுத்து பத்தடி தள்ளி நின்றார். "என்ன வடிவு, சாப்பிடாம ஒரு மாதிரி நிக்க?"

"சாப்பிட்டாச்சு அண்ணாச்சி."

"கண்ணுல என்ன தண்ணி?"

"உப்பு விழுந்துட்டு."

அவர் அவள் காலடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம் நெழலு கிழலு எதும் தட்டுப்பட்டுதா?" கேட்கும்போது அவர் குரலில் கமிட்டி இல்லை, அன்றைக்குச் செருப்பைக் கழற்றிய மனுஷன் மாதிரி இருந்தது. ஒரு கணம் வடிவுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

"இந்த வெயில்ல ஏது அண்ணாச்சி நெழலு? நான் நிக்கேன், எம் நெழலு கெடக்கு" என்றாள்.

அவர்கள் நாடாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்கள், அதற்கும் அப்பால் போனார்கள், திரும்பி ஊர்ப்பக்கம் நடந்தார்கள். தலை மறைகிறவரைக்கும் வடிவு அசையவில்லை. அப்புறம் மெதுவாகக் காலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். சோறு மட்டும் கிடந்தது, வெயிலில் காய்ந்து பருக்கை பருக்கையாகப் பிரிந்து கிடந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்ட ஒன்றையும் செய்யாதது, இந்த ஒன்றை மட்டும் சொன்ன உடனே செய்துவிட்டது. வடிவு வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போதும் அவள் கடைசிப் பாத்தியில்தான் இருக்கிறாள். உச்சிகால பூஜைக்கு மணி அடித்து, கோயில் ஒலிபெருக்கியில் பூசாரி, "வா தாயே, வந்திறங்கு தாயே" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார், கூட்டமும் சேர்ந்து கூப்பிடும், கடல் காற்று திரும்பினால் அந்தச் சத்தம் கடைசிப் பாத்திவரைக்கும் வரும். அந்த நேரத்தில் வடிவு சட்டியைத் திறப்பாள், ஒரு பிடிச் சோற்றை எடுத்து வரப்பில் வைப்பாள், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குனிந்து, "சாப்பிடு, ஆனா வராத" என்பாள். அது வருவதில்லை.